குடியிருப்புத் தோட்டத்துக்கு 11 லட்சம் கொட்டேஷன்: கையெழுத்துப் போடும் முன் கேட்கிறேன்

வேப்பம்பூ · ஜூலை 6, காலை 7:10

வணக்கம். சென்னையில் மேடவாக்கம் தாண்டிப் பெரும்பாக்கம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. 84 வீடுகள், மூன்று பிளாக், கட்டி 12 வருடம் ஆகிறது. கட்டடமும் கார் நிறுத்தும் இடமும் போக, தரையில் சுமார் 14,000 சதுர அடி திறந்தவெளி இருக்கிறது. இந்த வருடம் சங்கத்துக்கு நான் செயலாளர். பொறுப்பேற்றதும் வந்த முதல் பெரிய வேலை, அந்த இடத்தில் தோட்டம் அமைப்பது.

ஒரு ஒப்பந்ததாரர் வந்து பார்த்துவிட்டு 11 லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். 6,000 சதுர அடிக்கு மெக்சிகன் புல்தரை. வாசலில் இருந்து கிளப் ஹவுஸ் வரை 14 ராயல் பாம் என்ற அலங்காரப் பனை. மதில் ஓரம் முழுக்கக் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டுச் செடியில் வேலி. மீதி இடமெல்லாம் பேவர் பிளாக். தரை மேடுபள்ளமாக இருப்பதால் எல்லா இடத்திலும் ஓர் அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி மட்டம் செய்வாராம். பி பிளாக் பின்னால் இரண்டு புங்கையும் ஒரு பூவரசும் நிற்கின்றன. அவை டிசைனுக்கு ஒத்துவராது, கார் மேல் குப்பை கொட்டும், எடுத்துவிடலாம் என்கிறார்.

வரைபடம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, உறுப்பினர்களில் பாதிப் பேருக்குப் பிடித்தும் போய்விட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பூவரசின் கீழேதான் எங்கள் குடியிருப்பின் பெரியவர்கள் எட்டுப் பேர் தினமும் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். 20-ஆம் தேதி பொதுக்குழு. அதற்குள் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மண்வெட்டி · ஜூலை 6, காலை 9:45

அம்மா, இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நான் பொதுப்பணித் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செடியைப் பற்றி ஒரு வாரத்துக்குப் பேசவே வேண்டாம். தண்ணீரில் இருந்து தொடங்குவோம். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை விழுந்தால் ஒரு லிட்டர். உங்கள் 14,000 சதுர அடி என்பது 1,300 சதுர மீட்டர். பெருக்கினால் வருடத்துக்கு 18 லட்சம் லிட்டர் வருகிறது. 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் 150 லாரி. மொட்டைமாடியில் விழுவது இதில் சேரவில்லை. இதில் பாதிக்கு மேல் அக்டோபரில் இருந்து டிசம்பருக்குள் வந்துவிடும். ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டினால் 1,30,000 லிட்டர் உங்கள் வளாகத்துக்குள் நிற்கும். அந்தத் தண்ணீர் எந்த வழியாக ஓடி எங்கே இறங்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். புல்லும் பூவும் அதற்கு அப்புறம்.

மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) ஒன்றை வாங்கிக்கொண்டு வளாகம் முழுக்க ஒரு நடை நடந்து பாருங்கள். கட்டடச் சுவரில் இருந்து வெளிப்பக்கமாக மீட்டருக்கு 2 செ.மீ. இறக்கம் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் சொன்னபடி ஓர் அடி செம்மண் கொட்டினால் தோட்டம் மேடாகி, கட்டடம் பள்ளமாகிவிடும். தண்ணீர் லிஃப்ட் குழியைத் தேடி வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் பக்கம் எத்தனை குடியிருப்புகளில் இப்படி நடந்தது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள்.

மரத்தைச் சுற்றி மண் கொட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரத்துக்குச் சாப்பாடு தேடித் தரும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணில், ஒன்று இரண்டு அடிக்குள்தான் இருக்கின்றன. அவை கிளை விரிந்த அகலத்தையும் தாண்டிப் பரவியிருக்கும். அவற்றுக்குக் காற்று வேண்டும். மேலே ஓர் அடி மண் போட்டு மூடினால் மரம் அன்றைக்கே சாகாது. இரண்டு மூன்று வருடத்தில் உச்சிக் கிளை காயும். எல்லோரும் பூச்சி என்பார்கள், நோய் என்பார்கள், மண் கொட்டியது யாருக்கும் ஞாபகம் இருக்காது. பேவர் பிளாக்கை அடிமரம் வரைக்கும் நெருக்கிப் பதிப்பதும் இதே கொலைதான். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே உத்தரவு போட்டது. ஒரு மீட்டர் என்பது குறைந்தபட்சம். முடிந்தால் அதற்கு மேலும் விடுங்கள்.

அடுத்தது புல். சென்னை வெயிலில் புல்தரைக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் தண்ணீராவது வேண்டும். உங்கள் 6,000 சதுர அடிக்குத் தினம் 2,800 லிட்டர். மாதம் ஏழு லாரி. 2019 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். குளிக்கவே தண்ணீர் இல்லாத நாளில் அந்தப் புல்லை என்ன செய்வீர்கள்?

கடைசியாக, மழைநீர் சேகரிப்பு. 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள், உங்கள் கட்டடத்திலும் குழி இருக்கும். திறந்து பார்த்தீர்களா? வண்டல் அடைத்துக்கொண்டு பத்து வருடம் ஆகியிருக்கலாம். உங்கள் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண் பூமி. மூன்றடி குழி தோண்டி ஜல்லி போட்டால் களிமண்ணில் தண்ணீர் இறங்காது, தொட்டி மாதிரி நிற்கும். உறை (சிமென்ட் வளையம்) இறக்கி, களிமண்ணைத் தாண்டி மணலோ சுக்கான் பாறையோ வருகிற ஆழம் வரை போக வேண்டும். ஒப்பந்ததாரரின் வரைபடத்தில் இதற்கு ஒரு கோடாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பில் 10-ஆம் பகுதியின் முதல் பிரிவு நிலத்தோற்ற அமைப்புக்குத்தான். யாராவது "இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது" என்று பொதுக்குழுவில் கேட்டால் அதைக் காட்டலாம்.


நான்காம் மாடி · ஜூலை 6, பகல் 1:20

நான் வேறு குடியிருப்பு, ஆனால் எதிர்க்கருத்தும் பதிவாக வேண்டும். எங்கள் இடத்தில் "இயற்கை", "நாட்டு மரம்" என்று சொல்லி ஒரு மூலையை அப்படியே விட்டார்கள். அங்கே இலை மக்கி வழுக்கி என் மாமியார் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பாம்பு பயம் வேறு. பேவர் பிளாக் போட்டால் சக்கர நாற்காலி போகும், பெரியவர்கள் பயமில்லாமல் நடப்பார்கள். குழந்தைகளுக்கு விழுந்து புரள ஒரு பச்சைத் தரை வேண்டாமா? 84 வீடு என்றால் குறைந்தது 60 குழந்தைகள் இருப்பார்கள். மரத்தடியில் கிரிக்கெட் ஆட முடியாது. பணம் கொடுப்பவர்களின் விருப்பத்தையும் பார்க்க வேண்டும்.


மண்வெட்டி · ஜூலை 6, பகல் 3:05

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது சார். நடைபாதையில் இலை கிடக்கக் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நடக்கிற இடம் நடக்கிற இடமாக இருக்கட்டும்: சறுக்காத மேற்பரப்பு, படிக்குப் பக்கத்தில் 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவுப் பாதை, கைப்பிடி. அதற்கு 14,000 சதுர அடியில் 2,500 போதும். மற்ற இடத்தை ஏன் மூட வேண்டும்? பேவர் பிளாக்குக்கு அடியில் கான்கிரீட் போடாமல் மணலும் ஜல்லியும் போட்டால் தண்ணீர் கொஞ்சம் இறங்கும். நம் ஊரில் பலர் அடியில் சிமென்ட் கலவை போட்டு மேலே பிளாக்கை ஒட்டிவிடுகிறார்கள். பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது உடைந்த மரச்சாமானுக்கும் குப்பைத் தொட்டிக்கும்.


நாற்றங்கால் · ஜூலை 6, இரவு 9:30

புல்லைப் பற்றி நான் சொல்லலாமா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாற்றுப் பண்ணைதான் தொழில்.

குழந்தைகள் விளையாட என்றால் பெர்முடா புல் போடுங்கள். பெயரைக் கேட்டு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பெர்முடா புல் என்பது நம் அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு. மிதித்தாலும் எழும், காய்ந்தாலும் ஒரு மழைக்குத் தளிர்க்கும். விளையாடுகிற இடம் ஆயிரம் சதுர அடி இருந்தால் போதும், அதை வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். நிழலில் எந்தப் புல்லும் சரியாக வராது. 6,000 அடியும் புல்லாக்கிப் பிறகு "புல்லில் கால் வைக்காதீர்" என்று பலகை வைத்த குடியிருப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன். வருத்தமாக இருக்கும்.

கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். எங்கள் பண்ணையில் ஒரு காலத்தில் நாங்களும் விற்றோம், நிறுத்திவிட்டோம். சீக்கிரம் வளரும், வெட்டினால் சுவர் மாதிரி நிற்கும், அதனால் கேட்டு வாங்கினார்கள். வேர் குழாய் தேடிப் போகிறது, மகரந்தத்தால் ஒவ்வாமை என்ற புகாரும் இருக்கிறது. குஜராத் அரசு 2023-இல் தடை செய்தது, அப்புறம் தமிழ்நாடும் அந்த முடிவுக்கு வந்தது. வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும் மருதாணியும் இருக்கும்போது அது எதற்கு? நொச்சியும் ஆடாதோடையும் ஆடு கூடக் கடிக்காத செடிகள், தண்ணீர் அதிகம் கேட்காது, வெட்ட வெட்ட அடர்ந்து வரும்.

அக்கா, இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தது. அதற்கு மறுநாள், தெரிந்த ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டார் என்று போனேன். தூங்குமூஞ்சி மரம், இருபதடிக்கு மேல் இருக்கும், சாய்ந்து கிடந்தது. வேரைப் பார்த்தேன். மரம் முழுசாக வளர்ந்தும் வேர் வெளியே ஓடவே இல்லை. வட்டம் வட்டமாக ஒன்றையொன்று சுற்றி, கயிறு திரித்த மாதிரி ஒரு பந்து. அடியில் விரலை விட்டு இழுத்தால் கறுப்பு பாலித்தீன் கிழிசல் வருகிறது. எட்டு ஒன்பது வருடத்துக்கு முன்னால் பையைப் பிரிக்காமலே குழியில் இறக்கி மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய மரம் ஒரு பைக்குள் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு இருந்து, எங்களிடம் வாங்குகிற ஒவ்வொருவரிடமும் பையைக் கிழிப்பது எப்படி என்று செய்து காட்டித்தான் கொடுக்கிறேன்.

செடி வாங்கும்போது பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். வேர் துளை வழியாக வெளியே வந்து சுருண்டிருந்தால் அந்தக் கன்று ரொம்ப நாளாகப் பையில் கிடக்கிறது, வேண்டாம். 12 அடி மரமாக வாங்கி நட்டால் வரைபடம் போல உடனே தெரியும் என்பார்கள். நான்கடிக் கன்று மண்ணைப் பிடித்துக்கொண்டு சில வருடத்தில் அதை எட்டிவிடும், விலை பத்தில் ஒரு பங்கு. குழி வேர்ப்பந்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் பந்தின் உயரத்துக்கு மேல் வேண்டாம். அடிமரம் விரிந்து வேராகிற இடம் மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுற்றிலும் மூன்று நான்கு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு, ஆனால் தண்டைத் தொடாமல். முட்டுக்குச்சி கட்டுவதானால் தென்னங்கயிற்றால் தளர்வாக, ஒரு வருடத்துக்கு மட்டும். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும். இரும்புக் கூண்டு போட்டு மறந்து, மரம் கூண்டை விழுங்கி நிற்பதைத் தெருத் தெருவாகப் பார்க்கலாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மரத்துக்கும் பொருந்தும். இப்போது குழி வெட்டி ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.


வேப்பம்பூ · ஜூலை 9, இரவு 8:15

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக வேறு வேலையே இல்லை.

மண்வெட்டி ஐயா களிமண் பூமி என்றதால் முதலில் தோண்டிப் பார்த்தோம். கூட எங்கள் தோட்டக்காரரும் இரண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும். சி பிளாக் மூலையில் எட்டு அங்குலத்திலேயே கடப்பாறை "டங்" என்றது. உடைந்த டைல்ஸ், ஜல்லி, காய்ந்து கல்லான சிமென்ட் மூட்டை ஒன்று, அப்படியே மூட்டை வடிவில். 12 வருடமாக அந்த இடத்தில் நட்ட செம்பருத்தியெல்லாம் ஏன் செத்தது என்று இப்போது புரிகிறது. நாங்கள் தோட்டக்காரரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். எனக்கு அது ரொம்ப வலித்தது, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பி பிளாக் பின்னால், புங்கை நிற்கிற இடத்தில், மண் வேறு மாதிரி. கறுப்பாக, பொலபொலவென்று, மண்புழுவோடு. ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். மணல் ஒரு நிமிடத்தில் படிந்தது. மேலே கலங்கல் மறுநாள் காலை வரை தெளியவில்லை. களிமண் அதிகம் என்று அர்த்தம், சரிதானே ஐயா?

ஒப்பந்ததாரரின் வரைபடத்தில் மழைநீருக்கு ஒரு கோடும் இல்லை. நம் பழைய குழி நான்கில் மூன்று முழுக்க அடைத்திருக்கிறது.

தோட்டக்காரர் சொன்ன ஒன்று: "மழை வந்தா ஏ பிளாக் தண்ணி எல்லாம் புங்கை மரத்தாண்டதான் வரும்மா, அங்கதான் சீக்கிரம் வத்தும்." இதை இத்தனை வருடமாக அவரிடம் யாரும் கேட்டதில்லை.


மண்வெட்டி · ஜூலை 9, இரவு 9:02

சரிதான் அம்மா, களிமண்தான். உங்கள் தோட்டக்காரர் சொன்னதை வைத்தே பாதி வரைபடம் போட்டுவிடலாம். அந்தப் புங்கை வேர்கள் 12 வருடமாக மண்ணைத் துளைத்து வழி செய்து வைத்திருக்கின்றன. அந்த இடத்தை ஆழமில்லாத பள்ளமாக, ஆறு அங்குலம் தாழ்வாக, புங்கை வேரை வெட்டாமல் அதற்கு அந்தண்டை பக்கம் அமையுங்கள். ஏ பிளாக் தண்ணீர் திறந்த ஓடை வழியாக அங்கே வரட்டும். வருகிற வழியில் ஒரு வண்டல் தொட்டி கட்டாயம். பள்ளத்தின் கடைசியில் உறைக்கிணறு ஒன்று.

கொசு வருமே என்று கேட்பார்கள். கொசு முட்டையில் இருந்து பறக்கும் வரைக்கும் சுமார் ஒரு வாரம் ஆகும். தண்ணீர் இரண்டு நாளைக்குள் இறங்கிவிட்டால் கொசு வர வாய்ப்பில்லை. இரண்டு நாளைத் தாண்டினால் ஏதோ அடைத்திருக்கிறது, உடனே பார்க்க வேண்டும்.

இடிபாடு கிடக்கிற சி பிளாக் மூலையில் இரண்டரை அடி தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண்ணும் மக்கிய எருவும் போடுங்கள். செலவு பிடிக்கும், பிடிக்கட்டும். ராயல் பாம் 14 வாங்குகிற காசு அதற்குப் போதும்.


சிங்கை மழை · ஜூலை 10, காலை 6:40

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன், இங்கே குடியிருப்புப் பராமரிப்பில் வேலை. தண்ணீர் போகும் வழியை மறைக்காமல் காட்ட வேண்டும் என்று ஐயா சொல்வதற்கு இங்கே கண்முன் ஒரு சான்று இருக்கிறது. பீஷான் ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டி 2.7 கி.மீ. நீளத்துக்கு நேர்கோடாக ஒரு கான்கிரீட் கால்வாய் ஓடியது. அதை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கி.மீ. ஆறாக மாற்றினார்கள். 2012-இல் திறந்தார்கள். கரையைச் செடி வேரும் கல்லும்தான் பிடித்து நிறுத்துகின்றன. மழை இல்லாத நாளில் பிள்ளைகள் இறங்கிக் கால் நனைக்கிறார்கள், பெருமழையில் அந்தப் புல்வெளியே வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. வேலி போட்டு மறைத்திருந்த சாக்கடை ஊருக்கு நடுவில் ஆறாகிவிட்டது.

இந்த ஊர் 1963-இலேயே மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கியது. கட்டடங்களிலும் பசுமை இருக்க வேண்டும் என்று 2009-இல் லஷ் என்ற திட்டம் வந்தது. ஆனால் நான் உள்ளே இருந்து பார்ப்பதில் பெரிய விஷயம் பராமரிப்புதான். ஒவ்வொரு மரத்துக்கும் ஆய்வுத் தேதி உண்டு. கிளை வெட்டத் தெரிந்தவர்தான் வெட்டுவார், தலையை மொட்டையடிப்பது இல்லை. உங்கள் 11 லட்சத்தில் மூன்று வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று ஒப்பந்ததாரரைக் கேளுங்கள் அக்கா.


இரவுப்பணி · ஜூலை 10, காலை 10:15

நான் செவிலியர். மரத்தால் என்ன பயன் என்று பொதுக்குழுவில் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்கள். ஜன்னல் வழியாக மரம் தெரிந்த 23 பேரையும், செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் வயது, பாலினம் பார்த்து ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வலுவான வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள். எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த ஆய்வு இது. வார்டில் நானே தினமும் பார்க்கிறேன், ஜன்னல் பக்கக் கட்டில் காலியானால் பக்கத்துக் கட்டில்காரர் என் கையைப் பிடித்துக் கேட்பார்.

அந்த எட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர் பூவரசு இல்லாவிட்டால் கீழே இறங்கி வருவார்கள்? அதை யோசியுங்கள். அவர்கள் நடப்பதும் பேசுவதும் வெயிலைப் பார்ப்பதும் அந்த ஒரு நிழலால்தான்.


நான்காம் மாடி · ஜூலை 10, பகல் 12:30

இதைப் படித்துவிட்டு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பழைய மரத்தை வெட்ட வேண்டாம். ஆனால் கார் மேல் புங்கைப் பூ கொட்டுவது உண்மை, சித்திரை, வைகாசியில் கண்ணாடி துடைத்து மாளாது. அந்த இரண்டு இடத்தில் கார் நிறுத்தாமல் சைக்கிள் நிறுத்தலாமே? நான் எங்கள் இடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.


சிறகு · ஜூலை 10, மாலை 5:50

பட்டாம்பூச்சி பார்க்கிற கூட்டத்தில் இருந்து ஒரு விண்ணப்பம். நான்கு கறிவேப்பிலைச் செடி, இரண்டு எலுமிச்சை, ஒரு சரக்கொன்றை வையுங்கள். பூச்செடி தேனுக்கு மட்டும்தான். முட்டையிட ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் அதற்குரிய செடி வேண்டும். எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுகிற இலையைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். முதலில் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக. பறவை சாப்பிடாமல் இருக்க அந்த வேஷம். வளர்ந்ததும் தோலுரித்து இலைப் பச்சைக்கு மாறிவிடும். எருக்கு ஒரு மூலையில் தானாக முளைத்தால் பிடுங்காதீர்கள், வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி அதை நம்பித்தான் இருக்கிறது. மாதாமாதம் மருந்தடிக்கும் ஒப்பந்தம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விளையாடும் இடத்தின் அருகே அரளி வேண்டாம். மஞ்சள் அரளியும் சேர்த்துத்தான். அழகாகப் பூக்கும், பராமரிப்பு வேண்டாம் என்று எல்லா இடத்திலும் வைக்கிறார்கள். செடி முழுக்க விஷம்.


நாற்றங்கால் · ஜூலை 11, காலை 7:25

எந்த மரம் என்று தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்டதால் பொதுவில் சொல்கிறேன்.

நம் ஊர்க் கோயில்களைப் பாருங்கள். மயிலை கபாலீசுவரர் கோயிலில் தலமரம் புன்னை. திருவொற்றியூரில் மகிழம். திருவான்மியூரில் வன்னி. மூன்றும் கடலோரத்துக் கோயில்கள், மூன்று மரமும் இந்த மண்ணையும் உப்புக் காற்றையும் தாங்குகிறவை. புன்னை மெதுவாக வளரும், ஆனால் வருடம் முழுக்கப் பச்சை, இலை தடிமன், வெள்ளைப் பூவின் வாசம் சாயங்காலம் வளாகம் முழுக்க வரும். மகிழம் குடை பிடித்த மாதிரி நிற்கும். பெரியவர்கள் உட்காரும் இடத்துக்கு அதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியாது.

தண்ணீர் தேங்கும் பள்ளத்தின் ஓரம் நீர்மருது ஒன்றே ஒன்று, அதற்கு முப்பதடி இடம் வேண்டும், கட்டடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். மேற்குச் சுவர்ப் பக்கம் புங்கை, பூவரசு. மாலை வெயில் சுவரில் அடிக்காமல் இருந்தாலே படுக்கையறை சூடு குறையும். தென்கிழக்கை அடைக்காதீர்கள், கோடையில் பிற்பகல் கடல்காற்று அந்தப் பக்கம்தான் வரும். பாதை ஓரம் சரக்கொன்றை, மந்தாரை, இவற்றுக்குப் பன்னிரண்டு பதினைந்து அடி இடைவெளி போதும். வாசல் திருப்பத்தில் மூன்றடிக்கு மேல் வளரும் புதர் எதையும் வைக்காதீர்கள். கார் ஓட்டுபவருக்குக் குழந்தையின் தலை தெரிய வேண்டும். தீயணைப்பு வண்டி வரும் பாதையில் எதுவும் வேண்டாம்.

ராயல் பாம் விற்றால் எனக்கு ஒன்றுக்குப் பல ஆயிரம் கிடைக்கும். இருந்தாலும் சொல்கிறேன், 14 பாமும் சேர்ந்து ஒரு பூவரசின் நிழலைத் தராது.


வேப்பம்பூ · ஜூலை 21, காலை 6:30

நேற்று பொதுக்குழு முடிந்தது. மூன்று மணி நேரம் நடந்தது. வரைபடத்தை ஒட்டுவதற்குப் பதிலாக அந்த மண் ஜாடியையும், சிமென்ட் மூட்டைக் கல்லையும் மேசை மேல் வைத்தேன். ஏழு லாரிக் கணக்கைச் சொன்னதும் மண்டபம் அமைதியாகிவிட்டது. தோட்டக்காரரையும் பேசச் சொன்னோம், முதல் தடவையாக.

முடிவு இது. மூன்று மரமும் இருக்கும். அவற்றின் கீழ் இருந்த கார் இடம் சைக்கிளுக்கு. செம்மண் கொட்டுவது, கோனோகார்பஸ், பாம் எல்லாம் ரத்து. அருகம்புல் 1,000 சதுர அடி. நடைபாதை 2,600. உறைக்கிணறு இரண்டு, பழைய குழிகள் தூர்வாரல், சி பிளாக் இடிபாடு அகற்றல் முதல் வேலை. காய்ந்த இலையை எரிக்கக் கூடாது, இரண்டு கம்பிவலைத் தொட்டியில் மக்க வைப்போம். 2016 திடக்கழிவு விதிகளில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்திலேயே கையாள வேண்டும் என்று இருந்ததாம், அதையும் இதோடு சேர்த்துக்கொண்டோம். மொத்தம் எட்டரை லட்சத்துக்குள் வருகிறது. மீதி இரண்டரை லட்சம் மூன்று வருடப் பராமரிப்புக்கும் தோட்டக்காரரின் சம்பள உயர்வுக்கும்.

எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 19 வீடு. அவர்கள் கவலையும் நியாயமானதுதான், கிளப் ஹவுஸ் முன்னால் பூச்செடி வரிசை ஒன்றை அவர்களே வடிவமைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.


வேப்பம்பூ · அக்டோபர் 19, காலை 8:05

நேற்று இரவு முதல் பெரிய மழை. விடிய விடியத் தூங்கவில்லை, குடையோடு கீழேயேதான் நின்றேன். பத்தரை மணிக்குப் புங்கைப் பள்ளத்தில் தண்ணீர் வாய்க்கரை வரை வந்துவிட்டது. தவளைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை, அத்தனை சத்தம். இன்று காலை ஆறரைக்குப் பள்ளத்தில் ஈரம் மட்டும்தான். லிஃப்ட் குழி காய்ந்து கிடக்கிறது. நட்ட 22 கன்றில் ஒரு மந்தாரை மட்டும் சாய்ந்திருக்கிறது.

ஆனால் சி பிளாக் பக்கம் உறைக்கிணறு மெதுவாகத்தான் வாங்குகிறது. பாதைமேல் இன்னும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கிறது.


மண்வெட்டி · அக்டோபர் 19, காலை 8:40

சந்தோஷம் அம்மா. சி பிளாக் வண்டல் தொட்டியைத் திறந்து பாருங்கள். புது மண் போட்ட இடம், முதல் மழையில் அரித்து வந்திருக்கும். கிணற்றுக்குள் மண் போவதற்கு முன்னால் இன்றைக்கே அள்ளிவிடுங்கள். மந்தாரையை நிமிர்த்தி வேரை மிதித்துவிடச் சொல்லுங்கள், கயிறு தளர்வாக.


வேப்பம்பூ · அக்டோபர் 19, பகல் 11:20

திறந்தோம் ஐயா. நான்கு வாளி மண் வந்தது. இப்போது தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கிறது. பெரியவர்கள் நாற்காலியைத் துடைத்துப் பூவரசுக்கடியில் போட்டுவிட்டார்கள்.